சாவியா, குருவியா: ஹிரகானா எழுத்துகளுக்கு எந்தப் படம்?

ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்த முதல் வாரம். கையில் ஆங்கிலப் பட அட்டைகள் ஒரு கட்டு. ஒரு அட்டையில் இரண்டு படுக்கைக் கோடுகள், அவற்றை வெட்டிக்கொண்டு இறங்கும் ஒரு சாய்கோடு, அடியில் ஒரு வளைவு. அந்த எழுத்தின்மேல் பழைய காலத்துச் சாவி ஒன்றை வரைந்திருந்தார்கள். ஆசிரியை அட்டையைத் தூக்கிக் காட்டினார். நான் யோசிக்காமல் 'சா' என்றேன். அது 'கி'. ஆங்கிலத்தில் சாவிக்குக் 'கீ' என்பதால் அந்தப் படம். எனக்கும் ஆங்கிலம் தெரியும்தான். ஆனால் படத்தைப் பார்த்த அரை நொடியில் வாயில் வருவது வீட்டுச் சொல். மனசு இங்கிலீஷுக்குப் போய்த் திரும்புவதற்குள் அடுத்த அட்டை வந்துவிடுகிறது.

அந்த எரிச்சலில் அடுத்த சில மாதங்கள் எல்லா வழியையும் போட்டுப் பார்த்தேன். எழுதி எழுதிப் பழகுவது, பட அட்டை, செயலி, அட்டவணையை ஒப்பிப்பது, எழுத்துகளின் பூர்வீகத்தைத் தேடிப் போவது, எல்லாமே. எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்களிடம் இப்போது நான் சொல்வது இதுதான்: படம் போட்டே படியுங்கள், ஆனால் படத்தைத் தமிழில் போடுங்கள். அதையும் ஜப்பானியத்தின் இரண்டு ஒலியெழுத்து முறைகளான ஹிரகானா, கதகானாவில் ஹிரகானாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏன் படம் தேவைப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹிரகானாவில் அடிப்படை எழுத்து 46, கதகானாவிலும் 46. எண்ணிக்கையைப் பார்த்து 247 எழுத்து படித்த நமக்கு இது ஜுஜுபி என்று தோன்றும். ஆனால் தமிழில் 'க' தெரிந்தால் 'கி', 'கு', 'கெ' எல்லாம் பாதி தெரிந்த மாதிரி. மேலே ஒரு விசிறி, முன்னால் ஒரு கொம்பு, அவ்வளவுதான். ஜப்பானியத்தில் அந்தச் சலுகை கிடையாது. 'க', 'கி', 'கு', 'கெ', 'கொ' ஐந்தும் ஐந்து தனி வடிவங்கள். ஒன்றைப் பார்த்து இன்னொன்றை ஊகிக்க வழியே இல்லை. தர்க்கம் பிடி கொடுக்காத இடத்தில்தான் படம் வேலைக்கு வருகிறது.

ஜப்பானியக் குழந்தைகளும் படத்தோடுதான் படிக்கிறார்கள். அவர்கள் சுவரில் தொங்கும் அட்டவணையில் 'அ'வுக்குப் பக்கத்தில் எறும்பு இருக்கும், எறும்புக்கு 'அரி' என்பதால். 'இ'க்கு நாய், 'இனு'. நம் அரிச்சுவடியில் அணிலும் இலையும் இருப்பது போலவே. ஆனால் எறும்பின் உருவத்துக்கும் அந்த எழுத்தின் உருவத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 'அரி' என்ற சொல் குழந்தைக்கு முன்பே தெரியும், எழுத்து மட்டும்தான் புதிது. நமக்கு இரண்டுமே புதிது. அதனால் ஜப்பானில் அச்சான குழந்தைகள் அட்டவணையை ஆசையாக வாங்கி ஒட்டியவர்கள் பலரும் கொஞ்ச நாளில் அதை அலங்காரமாக விட்டுவிடுகிறார்கள். என் வீட்டுச் சுவரிலும் ஒன்று தொங்குகிறது.

எழுத்தே படத்துக்குள் ஒளிந்திருக்க வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் லின்னியா எஹ்ரியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1984ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. எழுத்தின் கோடுகளையே படத்தின் உடம்பாக வைத்துக் காட்டியபோது குழந்தைகள் எழுத்துக்குரிய ஒலியை நன்றாகக் கற்றார்கள். படத்தைச் சும்மா பக்கத்தில் வைத்தபோது அந்தப் பலன் இல்லை. 2010ல் வந்த இன்னொரு ஆய்வில் எஹ்ரியும் சக ஆய்வாளரும், ஆங்கிலம் பேசும் சின்னக் குழந்தைகளுக்கு ஹீப்ரு எழுத்துகளை இதே முறையில் கற்பித்தார்கள். அங்கும் எழுத்தை உள்ளே வைத்த படமே வென்றது. எழுத்து அந்நிய எழுத்து, ஆனால் படத்தின் பெயர் குழந்தையின் சொந்த மொழியில். ஆங்கில அட்டையை வைத்துக்கொண்டு நான் தவறவிட்டது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

சரி, தமிழில் படம் போட்டால் எப்படி வரும்? முதலில் 'கு'. ஹிரகானாவில் அது ஒரே கோடு, நடுவில் மடங்கி வலப்பக்கம் வாய் திறந்திருக்கும். குருவியின் அலகு. இதைச் சொல்லிக்கொடுத்த எவரும் இதுவரை மறந்ததாகச் சொல்லவில்லை. 'இ' என்பது பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு கோடு. இரண்டு என்பதே 'இ'யில்தான் தொடங்குகிறது. 'உ' என்பது ஒரு பக்க முகம் போல வளைந்து இறங்கும் கோடு, தலைக்கு மேல் சின்னதாக ஒரு கீற்று: உச்சிக்குடுமி. 'ஸு'வில் நேராக இறங்கும் கோடு நடுவில் ஒரு சுழி போட்டுவிட்டுத்தான் கீழே போகும், ஆக சுழி. 'ஷி' நீளமாகத் தொங்கி நுனியில் மேலே வளைகிற ஒரே இழை, அது சிகை.

எனக்கு மிகப் பிடித்தது 'நொ'. நடுவில் தொடங்கும் கோடு சாய்வாகக் கீழிறங்கி, அப்படியே வட்டமாகச் சுற்றி வரும். ஆங்கில அட்டையில் அதற்கு நுழையத் தடை என்ற பலகை. நான் அதை நொங்கு வண்டி ஆக்கிக்கொண்டேன்: சக்கரமும், நடுவிலிருந்து கிளம்பும் குச்சியும். எழுத்துத் தமிழில் நுங்கு என்பதுதான் சரி. ஆனால் கோடை விடுமுறையில் அதை ஓட்டியவர் யாரும் நுங்கு வண்டி ஓட்டியதில்லை, நொங்கு வண்டிதான் ஓட்டினார்கள்.

இந்தச் சில எழுத்துகளை வைத்தே உடனே சொல் படிக்கலாம். அதனால் அட்டவணை வரிசையில் போகாமல் இவற்றில் தொடங்குவது நல்லது. சுழியும் சிகையும் சேர்ந்தால் 'ஸுஷி'. இரண்டும் சுழியும் 'இஸு', நாற்காலி. குடுமியும் சிகையும் 'உஷி', மாடு. குருவியும் சிகையும் 'குஷி' என்றால் சீப்பு; சிகைக்குச் சீப்பு என்று அது தானாகவே ஒட்டிக்கொள்ளும். முதல் நாளே நான்கு சொல் படித்துவிட்டால் வருகிற தெம்பு, அட்டவணையின் முதல் வரிசையை நூறு தடவை ஒப்பித்தாலும் வராது.

தமிழ்ப் படங்களிலும் ஓட்டை உண்டு. 'கொ' என்பது ஒன்றின்கீழ் ஒன்றாகப் படுத்திருக்கும் இரண்டு கோடு. முதலில் அதற்குக் 'கோடு' என்றே வைத்தேன். இரண்டே நாளில் 'இ'யோடு மோதியது. இரண்டிலும் இரண்டு கோடுதானே. பிறகு கொசு அடிக்கிற இரண்டு உள்ளங்கை என்று மாற்றினேன், ஒரு கை மேலே, ஒரு கை கீழே. அதன்பின் குழப்பமில்லை. ஒரு படம் இன்னொரு எழுத்துக்கும் பொருந்துகிறது என்றால் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

ஒலியிலும் சிக்கல் வரும். அலை போல எழும்பிக் கவிழும் ஒரே வளைவுதான் 'ட்ஸு'. அதற்குச் சுனாமியைவிடப் பொருத்தமான படம் உலகத்திலேயே கிடையாது. சொல்லே ஜப்பானியச் சொல், அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அந்தச் சொல் தெரியாத தமிழர் இல்லை. ஆனால் நாம் சொல்வது 'சுனாமி'. முதலில் வரும் அந்த 'ட்' நம் வாயில் விழுந்துவிட்டது. அதனால் அலையைப் பார்த்ததும் 'ஸு' என்று படிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு எழுத்துக்கு மட்டும் படத்தோடு உச்சரிப்பையும் பத்துத் தடவை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

அதே காரணத்தால் எழுத்தின் கீழே தமிழில் உச்சரிப்பு எழுதிவைக்கும் பழக்கமும் வேண்டாம். நம் 'க' ஒன்றே இடத்துக்குத் தகுந்தபடி இரண்டு ஒலி தரும். ஜப்பானியத்தில் வல்லொலியும் மெல்லொலியும் வேறு வேறு. 'க' எழுத்தின் தோளில் 'தென்தென்' என்ற இரண்டு சின்னக் கீற்றுகளைப் போட்டால்தான் 'கங்கை'யின் இரண்டாவது 'க' வரும். தமிழில் எழுதிவைத்தால் இந்த வேறுபாடு கண்ணிலேயே படாது. ஆங்கில எழுத்தில் எழுதிவைத்தால் கண் அதை மட்டுமே படிக்கும், மேலே இருக்கிற ஜப்பானிய எழுத்து வெறும் கோலம். உச்சரிப்பு அட்டையின் பின்பக்கம் இருக்கட்டும்.

படம் உண்மையாகவே காசு மிச்சம் பண்ணும் இடம், ஒன்றுபோல் இருக்கும் எழுத்துகள். 'நெ', 'ரெ', 'வ' மூன்றுக்கும் இடப்பக்கம் ஒரே மாதிரி, வால் மட்டும்தான் வேறு. 'வ'வின் வால் உள்ளே வளையும்: 'வா' என்று கூப்பிடுகிற கை. 'நெ'யின் வால் ஒரு நெளிவு போட்டு முடியும். 'ரெ' மட்டும் வெளிப்பக்கம் சுண்டிக்கொண்டு போகும். அதற்குப் படம் தேவையில்லை, மற்ற இரண்டும் தெரிந்தால் மிச்சம் இருப்பது அதுதான். 'மெ', 'நு' இரண்டும் இரட்டைப் பிறவிகள். எதன் நுனியில் சுருள் இருக்கிறதோ அது 'நு'. இந்த ஐந்து எழுத்துக்கும் நோட்டில் பக்கம் பக்கமாக எழுதி நான் பெறாத தெளிவை இரண்டு வரி கொடுத்தது. 'ரு', 'ரொ' ஜோடியில் மட்டும் எனக்குப் பாதி வெற்றி. 'ரு'வின் அடியில் ஒரு சின்ன வட்டம் இருக்கும், கையில் வைத்திருக்கும் ஒரு ரூபாய். 'ரொ' வெறுங்கை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, 'ரொக்கம்' என்ற சொல் ஞாபகம் வரும் வரை.

எழுதிப் பழகுவதைப் பற்றி. நம் ஊரில் கேட்டால் முதலில் வரும் அறிவுரை இதுதான், 'தினம் ஒரு பக்கம் எழுது'. நான் எழுதினேன். ஒரே எழுத்தை வரிசையாக இருபது தடவை எழுதினால் மூன்றாவது தடவைக்கு மேல் கை மட்டும்தான் எழுதுகிறது, தலை மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுகிறது. மறுநாள் எழுத்து நினைவில் இல்லை. அதே நேரத்தில் பார்க்காமல் ஐந்து தடவை எழுதினால், அதுவும் நடுவில் வேறு எழுத்துகளைக் கலந்து எழுதினால், நன்றாக ஒட்டுகிறது. எழுதுவதை விட்டுவிடவும் முடியாது, ஏனென்றால் படத்துக்கு எட்டாத ஒன்று அதில் இருக்கிறது: கோடு எங்கே நிற்க வேண்டும், எங்கே சுண்ட வேண்டும், எங்கே இழுத்து விட வேண்டும். ஜப்பானியப் பள்ளிகளில் நான்காகப் பிரித்த கட்டங்களில் எழுதவைத்து இதைத்தான் பழக்குகிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, பட அட்டை செய்பவர்கள் இதைச் சொல்வதில்லை. அச்செழுத்தும் கையெழுத்தும் சில இடங்களில் வேறுபடும். அந்தச் 'சாவி' எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பல அச்செழுத்துகளில் சாய்கோடும் அடி வளைவும் ஒட்டியிருக்கும். கையால் எழுதும்போது வளைவு தனிக் கோடு, நடுவில் இடைவெளி விழும். 'ஸ' எழுத்தும் இப்படித்தான். அச்சு வடிவத்தின்மேல் போட்ட படத்தை மட்டும் நம்பியிருந்தால், யாராவது கையால் எழுதிக் கொடுத்த குறிப்பைப் பார்த்து விழிக்க வேண்டியிருக்கும்.

அட்டவணையை ஒப்பிப்பது எழுத்தின் வடிவத்துக்கு உதவாது, ஆனால் தமிழர்களுக்கு அதில் ஒரு பரிசு காத்திருக்கிறது. ஜப்பானிய உயிர்கள் அ, இ, உ, எ, ஒ. நம் ஐந்து குறில்கள், அதே வரிசை. அடுத்து க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் மெய்வரிசையிலிருந்து சிலவற்றை உருவி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சொல்வது மாதிரியே இருக்கும். இதைப் பார்த்துவிட்டுத் தமிழும் ஜப்பானியமும் சகோதர மொழிகள் என்று கிளம்புபவர்கள் உண்டு. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் அப்படி வாதிட்டது உண்மை, மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் இந்த வரிசை ஒற்றுமைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சமஸ்கிருத மந்திரங்களுக்காகச் சித்தம் என்ற பழைய இந்திய எழுத்தைப் படித்த பௌத்தத் துறவிகள் வழியாக இந்திய எழுத்து வரிசை ஜப்பானுக்குப் போனது. அந்த வரிசைக்கு நாமும் சொந்தக்காரர்கள்.

ஒரு இடம் மட்டும் உதைக்கும்: 'ந'வுக்கும் 'ம'வுக்கும் நடுவில் 'ப' இருக்க வேண்டும், அங்கே 'ஹ' உட்கார்ந்திருக்கிறது. பழைய ஜப்பானியத்தில் அந்த வரிசை 'ப' என்றே ஒலித்தது, பின்னால் 'ஹ' ஆகிவிட்டது. இன்றைக்கும் 'ஹ' எழுத்தின் தோளில் 'மரு' என்ற சின்ன வட்டம் போட்டால் 'ப' ஆகிறதே, அதைக் காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்பவர்கள்தான் அதிகம். 'ப'வின் நாற்காலி அது என்று தெரிந்த தமிழருக்கு மனப்பாடமே வேண்டாம். அகராதியில் தேடவும், கைப்பேசியில் ஜப்பானிய விசைப்பலகையில் தட்டவும் இந்த வரிசைதான் வேண்டும். ஒரு மாலை செலவழித்தால் போதும்.

பூர்வீகம் தேடும் வழியை ஆர்வத்துக்காக மட்டும் சொல்கிறேன். இரண்டு எழுத்துமுறையும் சீன எழுத்துகளிலிருந்து பிறந்தவை. வேகமாக எழுதி எழுதி உருகிப்போனது ஹிரகானா. துறவிகள் சீன நூல்களின் ஓரத்தில் குறிப்பு எழுதும்போது எழுத்தின் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டது கதகானா. ஒரே ஒலிக்குப் பல வடிவங்கள் புழங்கிய காலமும் இருந்தது; 1900ல் பள்ளிகளுக்கான விதியில்தான் ஒலிக்கு ஒரு வடிவம் என்று நிலைத்தது. இதைப் படிக்க எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் 'பெண்' என்ற சீன எழுத்திலிருந்து 'மெ' வந்தது என்று தெரிந்துகொள்ள முதலில் அந்தச் சீன எழுத்து தெரிய வேண்டுமே. பேரனை அடையாளம் காணத் தாத்தாவைத் தேடும் கதை. கஞ்சி படிக்கத் தொடங்கிய பிறகு (ஜப்பானியர் சீன எழுத்தை அப்படித்தான் சொல்கிறார்கள், குடிக்கிற கஞ்சி இல்லை) இது இனிக்கும்.

செயலிகளைத் தனி வழியாகவே நான் எண்ணவில்லை. 'அன்கி' மாதிரியானவை, நீங்கள் மறக்கப் போகும் நேரம் பார்த்து அட்டையைத் திரும்பக் காட்டும் பெட்டிகள். உள்ளே என்ன போடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம். உங்கள் குருவியையும் நொங்கு வண்டியையும் கையால் வரைந்து, போட்டோ எடுத்துப் போடுங்கள். ஓவியம் கேவலமாக இருந்தால் இன்னும் நல்லது, மறக்காது.

கதகானாவுக்கு வந்தால் என் பேச்சு மாறும். கோணல் கோணலான வெட்டுக் கோடுகள். எதைப் பார்த்தாலும் உடைந்த நாற்காலி மாதிரிதான் இருக்கும். நான் பதினைந்து படம் போட்டு, ஒன்றும் நிற்காமல் கைவிட்டேன். அங்கே வேறு இரண்டு வழி இருக்கிறது. 'க', 'கி', 'ரி', 'ஹெ', 'மொ', 'ய', 'ஸெ' போன்றவை ஹிரகானாவையே கோணலாக்கிய மாதிரி இருக்கும், அவை இலவசம். மற்றதைச் சொற்களில் படியுங்கள். கதகானா பெரும்பாலும் வெளிநாட்டுச் சொற்களுக்கான எழுத்து, ஆகவே அர்த்தம் நமக்கு முன்பே தெரியும். 'கோஹீ' காபி, 'தெரெபி' டிவி, 'பியானொ' பியானோதான். ஒரு ஜப்பானிய உணவகத்தின் பானப் பட்டியலை எழுத்துக்கூட்டிப் படித்தால் பாதிக் கதகானா வந்துவிடும்.

எல்லாரையும் படுத்தும் 'ஷி', 'ட்ஸு' ஜோடிக்கு மட்டும் கை வேண்டும். இரண்டிலும் இரண்டு சின்னக் கீற்று, ஒரு நீளக் கோடு. ஆனால் 'ஷி'யில் கீற்றுகள் இடப்பக்கம் ஒன்றின்கீழ் ஒன்றாக இறங்கும், நீளக் கோடு கீழிருந்து மேலே போகும். ஹிரகானாவின் சிகை கீழே இறங்கி மேலே வளைவது போலவே. 'ட்ஸு'வில் கீற்றுகள் மேலே பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், நீளக் கோடு மேலிருந்து கீழே விழும், ஹிரகானாவின் அலை கவிழ்வது போலவே. நாலு தடவை சரியான திசையில் எழுதியவர்களுக்குக் குழப்பம் போய்விடும்.

இதில் யாருக்கு எது? ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்கப் படியான என்5 நிலைக்கு மட்டும் தயாராகிறீர்கள் என்றால், அது ஜூலையிலும் டிசம்பரிலும் நடப்பது, சென்னையிலும் எழுதலாம், கையால் எழுத வேண்டிய பகுதி அதில் கிடையாது. விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும், கேட்டு விடையளிக்கும் பகுதி தனி. இந்த எழுத்துகளைப் பொறுத்தவரை, பார்த்ததும் படிக்கத் தெரிந்தால் போதும். தமிழ்ப் படமும் அட்டையும் போதும், எழுதுவதை ஒன்றுபோல் இருக்கும் எழுத்துகளோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு இந்த வழியில் ஹிரகானா பத்து நாளில் வந்தது. அதற்கு முன் ஆங்கில அட்டையோடு ஒரு மாதம் போராடியிருந்தேன்.

வேலைக்காக ஜப்பான் போகிறவர்களுக்கு இது போதாது. அங்கே படிவங்களில் பெயருக்கு மேலே, உச்சரிப்பைக் கானாவில் (ஹிரகானா, கதகானா இரண்டுக்கும் பொதுப் பெயர்) எழுத ஒரு கட்டம் இருக்கும். அதில் கையால் எழுத வேண்டும். ஆகவே முதல் நாளிலிருந்தே கட்ட நோட்டு வாங்குங்கள், படத்தை அதற்குத் துணையாக வையுங்கள், முதலில் உங்கள் பெயரைக் கதகானாவில் எழுதப் பழகுங்கள். ல, ள, ழ, ர, ற எல்லாம் அங்கே ஒரே 'ர' வரிசைதான். கயல்விழி என்று பெயர் இருந்தால் 'ல்' ஒரு 'ரு' ஆகும், 'ழி' ஒரு 'ரி' ஆகும். இந்த 'ரு' இரண்டு கால் விரித்து நிற்கும் வேறொரு எழுத்து. ரூபாயை அங்கே தேடாதீர்கள், அது ஹிரகானாவில் மட்டும்தான் இருக்கிறது.